54 மில்லிமீற்றர் ஒல்லாந்தன்

லண்டன், நவம்பர்

அன்பு மருமகனுக்கு,

மாமா எழுதுறன். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் என் சுகம் சொல்லு. இங்க இந்த மாதத்தில பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிப்போகும். நம்ம ஊர்போல வாசலில கதிரை போட்டு ஊர்க்கதை கதைக்க வழியில்லை. சனம் உள்ளே இருந்து, மேசையில விளக்கைப் போட்டு, ஏதாவது கைவேலை பார்க்கும். சின்னச் சிப்பாய் செய்யிறது அதில பழைய வேலை. வில்லியம் பிரிட்டன் கம்பெனி உள்ளே வெறுமையான ஈயச் சிப்பாய்களை 1893 இல் வார்க்கத் தொடங்கியது. அவர்கள் பிடித்த 54 மில்லிமீற்றர் உயரம்தான் இன்றைக்கும் வழக்கத்தில் இருக்கு. இதற்கென்றே 1935 இல் தொடங்கின ஒரு சங்கமும் இங்க உண்டு.

நீ செய்யப் பழக்கச் சொல்லிக் கேட்ட சின்னச் சிப்பாய், நம்ம மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்துத் துவக்குக்காரன். போர்த்துக்கேயர் 1628 இல் கட்டி, 1638 மே மாதம் ஒல்லாந்தரிடம் பறிகொடுத்த கோட்டை. கச்சேரி, அதுதான் மாவட்ட அரச அலுவலகம், கோட்டைக்குள் இருந்த நாளில் அந்த மதிலைக் கடந்துதானே போவாய். நல்ல தெரிவு. அந்தக் காலத்தில் சீருடை இல்லை, அதனால பொத்தான் எத்தனை என்று ஒருவரும் சண்டைக்கு வரமாட்டார். நிற்கும் நிலைக்கு ஒல்லாந்து ஓவியர் ஜாக்கப் டி கெய்ன் 1607 இல் வெளியிட்ட துவக்குப் பயிற்சிப் படங்களைத் தேடிப் பார். துவக்கைத் தோளில் வைக்கிறது, அதைத் தாங்குற கவைக்கோலில் ஊன்றுறது எல்லாம் படிப்படியாக இருக்கு.

முதலில் அதே உயரத்தில் ஒரு கடதாசியில் ஆளைக் கீறு. 54 மி.மீ. என்றால் ஏறக்குறைய 32 இல் ஒரு பங்கு. தலை 7 மி.மீ., அதற்கு மேல் போகாதே. புதியவர்கள் எல்லாரும் தலையையும் கையையும் பெரிதாக்குவார்கள், முகத்தில வேலை கூட என்பதால். கால் பிரியும் இடம் சரிபாதி, 27 மி.மீ. துவக்கு உண்மையில் ஒன்றரை மீற்றர் வரும், உனக்கு 47 மி.மீ.

ஆளுக்கு உள்ளே எலும்பு மாதிரி நிற்கிற கம்பிக்கு 0.8 மி.மீ. செம்பு எடு. லைற் வயரிங்குக்குப் போடுற 1/1.13 கம்பி (1.13 மி.மீ. தடிப்பான ஒற்றைக் கம்பி) வேண்டாம். மணிக்கட்டு மொத்தமே 2 மி.மீ.தான். அந்தக் கம்பியைப் போட்டால் அதைச் சுற்றிப் புட்டிக்கு (பிசைந்து அப்பினால் இறுகுற களி) அரை மி.மீ.கூட மிஞ்சாது, மறுகா கை உலக்கை மாதிரி வரும். 15 செ.மீ. கம்பியை இரண்டாக மடித்து, மடிப்புப் பக்கம் முறுக்கினால் முதுகும் கழுத்தும். விடுபட்ட இரண்டு நுனியும் கால். பாதத்துக்குக் கீழே 2 செ.மீ. மிச்சம் விட்டு ஒரு தக்கையில் குத்து. கைக்கு வேறு கம்பி, தோளில் இரண்டு சுற்று, அதில ஒரு சொட்டு சுப்பர் குளூ. உடலின் பாரம் ஒரே காலில் என்றால், தொண்டைக்குழி அந்தக் கணுக்காலுக்கு நேர் மேலே வரவேண்டும். வராவிட்டால் என்னதான் வடிவாகச் செய்தாலும் ஆள் வெறியில் நிற்கிற மாதிரி இருக்கும்.

இனிப் புட்டி. பார்சலில் மில்லிபுட், கிறீன் ஸ்டஃப் என்று இரண்டு வகைப் புட்டி வைத்திருக்கிறன். இரண்டும் தனித்தனியாக இரண்டு நிறக் கூறுகளைச் சம அளவில் பிசைவது. கிறீன் ஸ்டஃபில் நீலமும் மஞ்சளும் தொட்டுக்கொண்டிருக்கிற நடுக்கோட்டை வெட்டி எறி. அங்கே ஏற்கனவே இறுகின பொட்டுகள் இருக்கும், முகத்தில வந்து சிக்கும். நிறம் ஒரே சீராக வரும்வரை பிசை. கோடு கோடாக விட்டால் அந்த இடம் மாதக்கணக்கில் ஒட்டும். மில்லிபுட் தண்ணீர் தொட்டுத் தடவினால் வழுவழுப்பாகும், காய்ந்தபின் அராவலாம், ஆனால் மெல்லிய விளிம்பு உடையும். கிறீன் ஸ்டஃப் வளையும், அராவ வராது. இரண்டையும் தனித்தனியே பிசைந்து, மறுகா பாதிக்குப் பாதி கலந்தால் இரண்டின் நல்ல குணமும் கிடைக்கும். உடுப்புக்கு அதுதான்.

ஒன்றைக் கவனி. இங்க மாரியில அறை குளிர், மில்லிபுட் விடிய மட்டும் சுணங்கும். விளக்கடியில் வைத்துக் காயவைப்பார்கள். உனக்கு நேர்மாறு. பெட்டியில் போட்டிருக்கிற நேரம் 20, 25 பாகை வெப்பத்துக்கு. மட்டக்களப்பு வெயிலில் அதைப் பாதியாக எடுத்துக்கொள். அதனால கடலை அளவுக்குமேல் ஒருமுறை பிசையாதே. மிஞ்சினதைப் பொலித்தீனில் சுற்றிப் பிறீசரில் வை.

கம்பியின்மேல் முதலில் அரை மி.மீ. மெல்லிய பூச்சு, அது இறுகட்டும். இதை விட்டுவிட்டுத் தசையை அப்பினால், அமத்தும்போது உள்ளே கம்பி உருளும். மறுகா உடுப்பில்லாத உடம்பு, ஒரு நாள் காயவிடு, அதற்குமேல் உடுப்பு. மடிப்பு இழுபடுற இடத்திலிருந்துதான் பிறக்கும்: முழங்கை, முழங்கால், அக்குள். கம்பளித்துணி தடிப்பு, அதனால மடிப்புக் குறைவு, உருண்டையாக வரும். கண் தலையின் நடுவில், நெற்றிக்குக் கிட்ட இல்லை. கண்ணுருண்டை இறுகினபிறகே இமை வை.

தொப்பி விளிம்புக்குப் பவுடர் தூவி அரை மி.மீ.க்கு உருட்டி, உன்ர வெப்பத்தில் இருபது நிமிடமளவு விட்டு வெட்டு. பச்சையாக வளைத்தால் தொங்கிப்போகும். மார்பில் கொழுவுற வெடிமருந்துக் குப்பிகளை 0.8 மி.மீ. நூலாக உருட்டி, இறுகினபின் 3 மி.மீ.க்கு வெட்டு, பன்னிரண்டு போதும். கயிற்றுக்குப் பழைய வயரின் ஒற்றை இழை. துவக்குக்குழல் 1 மி.மீ. பித்தளைக் குழாய், அதைப் புட்டியில் செய்ய வெளிக்கிடாதே, நேராக வராது.

கையுறை போடு. பிசைந்த புட்டி தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒவ்வாமை பிடிக்கும், பிடித்தால் போகாது. அராவும்போது தண்ணீர் தொட்டு அராவு, தூசு பறக்காது. அம்மாவின் சமையல் சட்டியில் ஈயம் உருக்கிற யோசனை இருந்தால் இப்பவே விடு.

மாரி மழைக்குள் ஸ்பிறே அடிக்காதே, ஈரத்தில் பூச்சு வெளிறும். சுப்பர் குளூவும் வெள்ளை பூக்கும். கச்சான் காற்றில் தூசு. இடைப்பட்ட ஒரு காலைநேரம் பார். நிறம் பற்றிப் பிறகு எழுதுறன்.

கம்பி வளைத்து முடிந்ததும், புட்டி தொடமுதல், முன்னாலும் பக்கத்தாலும் படம் எடுத்து அனுப்பு. அந்த நேரம் திருத்தினால் குறடு ஒன்று போதும்.

அன்புடன்,
மாமா