பெட்டகத்துக் குறிப்புகளை வெளியிடுங்கள்: 'டியூன்' உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஹெர்பர்ட் குடும்பத்தாருக்கும், 'டியூன்' நாவல்களின் பதிப்பாளர்களுக்கும்,

வணக்கம். 2024இல் 'டியூன்: புராஃபெசி' தொலைக்காட்சித் தொடர் வெளிவந்த பிறகு இந்த நாவல்களின் பக்கம் வந்த புதியவர்கள் பலர், மனிதகுலத்தை அடிமைப்படுத்திய எந்திரங்களுக்கு எதிரான பெரும்போரை, இந்த அறிவியல் புனைகதை வரிசையைத் தொடங்கிய ஃபிராங்க் ஹெர்பர்ட்டே கற்பனை செய்து எழுதினார் என்று நம்புகிறார்கள். அந்தத் தொடருக்கு அடிப்படையான 'சிஸ்டர்ஹுட் ஆஃப் டியூன்' 2012இல் அவருடைய மகன் பிரையன் ஹெர்பர்ட்டும் எழுத்தாளர் கெவின் ஜே. ஆண்டர்சனும் சேர்ந்து எழுதியது என்று எடுத்துச் சொன்னால், "தந்தையின் குறிப்புகளை வைத்துத்தானே மகன் எழுதினார்?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்ல எங்களால் முடியவில்லை. அந்தக் குறிப்புகளை வாசகர் எவரும் பார்த்ததில்லை. அவற்றை உள்ளது உள்ளபடியே அச்சிட்டு வெளியிட வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

பின்னணி உங்களுக்குத் தெரியாததல்ல. ஆறாவது நாவலான 'சாப்டர்ஹவுஸ்: டியூன்' 1985இல் வந்தது, அதன் முடிச்சுகளை அவிழ்க்காமலேயே அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ஃபிராங்க் ஹெர்பர்ட் மறைந்தார். 1999இல் கூட்டு முயற்சியின் முதல் முன்கதையான 'ஹவுஸ் அட்ரைடீஸ்' வந்தபோது, வங்கிப் பெட்டகங்களில் ஏழாம் நாவலுக்கான சுருக்கமும் குறிப்புகளும் கிடைத்ததாக அறிவித்தீர்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு நூலுக்கும் அந்தப் பெட்டகமே நற்சான்றாக இருந்து வருகிறது.

முதல் நாவலின் தொடக்கத்திலேயே, கதாநாயகன் பால் அட்ரைடீஸின் கையை வலிப்பெட்டிக்குள் வைத்துச் சோதித்து முடித்த மூதாட்டி மோஹியம் அவனிடம் சொல்வதை நினைவுபடுத்த விரும்புகிறேன். மனிதர்கள் ஒரு காலத்தில் தங்கள் சிந்தனையை எந்திரங்களிடம் ஒப்படைத்தார்கள், அது தங்களுக்கு விடுதலை தரும் என்று நம்பினார்கள், கடைசியில் எந்திரங்களைக் கையில் வைத்திருந்த வேறு மனிதர்களே அவர்களை அடிமைப்படுத்தினார்கள் என்கிறார் அவர். மனிதனை அடக்கியவன் மனிதனே என்ற இந்த எண்ணம், ஆட்சியாளர்களையும் மீட்பர்களையும் நம்பாத அந்த ஆறு நாவல்களின் உயிர்நாடி. அந்தப் பெரும்போரைச் சொல்லும் முன்கதையாக 2002இல் பிரையனும் ஆண்டர்சனும் எழுதிய 'தி பட்லேரியன் ஜிஹாத்' நூலிலோ ஆம்னியஸ் என்ற கணினி மூளை கோள்களை ஆள்கிறது; எராஸ்மஸ் என்ற ரோபோ ஒரு குழந்தையைக் கொல்ல, அதிலிருந்து போர் மூள்கிறது. டைட்டன்கள் என்ற மனிதக் கொடுங்கோலர்கள் அந்த ஆட்சிக்கு வழிவிட்டதாகக் கதையில் வருகிறது என்பதை மறுக்கவில்லை. ஆயினும் அந்த நூல்களின் நடுவே நிற்கும் பகை மனிதனுக்கும் எந்திரத்துக்கும் இடையிலானதுதான். இந்த மாற்றம் ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் கையெழுத்தில் இருந்ததா, அவர் மறைந்தபின் சேர்ந்ததா? எங்களுக்குத் தெரியவேண்டியது இதுதான்.

சிறு முரண்களும் உண்டு. முதல் நாவலின் முதல் அத்தியாயத்துக்கு முகப்பாக உள்ள இளவரசி இரூலனின் குறிப்பு, பால் காலடான் என்ற கோளில் பிறந்து பதினைந்து ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்ததாகச் சொல்கிறது. 2001இல் வந்த 'ஹவுஸ் கொரினோ'வில் அவன் பேரரசரின் கோளான கைடெய்னில் பிறக்கிறான். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கழித்து நடக்கும் நாவல்களில்தான் கண்ணுக்குப் புலப்படாத கப்பல்கள் வருகின்றன; 'ஹவுஸ் அட்ரைடீஸி'ல் பால் பிறக்கும் முன்பே, அவன் குடும்பத்தின் பகைவர்களான ஹார்கோனன்களிடம் அப்படி ஒரு கப்பல் இருக்கிறது. மூல நூலின் முதல் பக்கத்தைத் திறந்தாலே தெரியக்கூடிய ஒன்றை யாரும் சரிபார்க்கவில்லை என்பது, அந்நூலை மனப்பாடமாக வைத்திருக்கும் வாசகர்களை மதிக்காத செயல் என்றே எனக்குப் படுகிறது.

ஆனால் என்னை ஆற்றமாட்டாமல் வருத்துவது டேனியலும் மார்ட்டியும்தான். 'சாப்டர்ஹவுஸி'ன் கடைசிப் பக்கங்களில், தப்பிச் செல்லும் கப்பலைப் பார்த்தபடி தோட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும் அந்த முதிய இணையர், தங்கள் எசமானர்களின் பிடியிலிருந்து விடுபட்ட ஃபேஸ் டான்சர்கள் (பிறர் உருவை எடுக்கவல்லவர்கள்) என்றே அவர்களுடைய பேச்சு உணர்த்துகிறது. அவர்கள் யார், என்ன செய்யப்போகிறார்கள் என்று வாசகர்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்தார்கள். 2006இல் 'ஹண்டர்ஸ் ஆஃப் டியூன்' தந்த விடை, அவர்கள் ஆம்னியஸும் எராஸ்மஸும் என்பது. முன்கதைக்காகப் படைக்கப்பட்ட பாத்திரங்கள், முன்கதையை எழுதிய அதே இருவரின் கையால், மூலவரின் முடிவுக்குள் கொண்டுவந்து அமர்த்தப்பட்டன. மூலச் சுருக்கத்தில் அப்படித்தான் இருந்தது என்றால் நான் தலைவணங்கி ஏற்றுக்கொள்வேன். இல்லை என்றால், அவர் மனத்திலிருந்த முடிவை நாங்கள் இன்னும் படிக்கவே இல்லை.

மறைந்த எழுத்தாளரின் பெயரை அட்டையில் பெரிதாகப் போட்டு, அவர் எழுதாததை அவருடைய உலகமாக விற்கும் வழக்கம் பதிப்புத்துறையில் வேரூன்றிவிட்டது. பதிப்புரிமை வாரிசுகளுக்குச் சேரும். அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் எது யாருடைய சொல் என்று அறியும் உரிமை, காசு கொடுத்து நூல் வாங்கும் வாசகனுக்கும் உண்டு. இதைக் கேட்பவர்களைப் புதியதை ஏற்கத் தெரியாத பழமைவாதிகள் என்று ஒதுக்குவது நியாயமாகாது. முன்கதைகளை விரும்பிப் படிப்பவர்கள் ஏராளம். அவற்றின் வழியே மூல நாவலுக்கு வந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இந்தத் தெளிவு தேவை.

சற்றுக் கடுமையாக எழுதிவிட்டிருந்தால் பொறுத்தருள வேண்டும். 2005இல் 'த ரோட் டு டியூன்' என்ற தொகுப்பில் ஃபிராங்க் ஹெர்பர்ட் நீக்கிய அத்தியாயங்களையும் அவருடைய கடிதங்களையும் நீங்களே வெளியிட்டீர்கள். அவருடைய கையெழுத்துப் படிகள் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்வாளர்களுக்காகப் பேணப்படுகின்றன. ஆகவே இது வழக்கத்துக்கு மாறான வேண்டுகோள் அன்று. ஏழாம் நாவலின் சுருக்கத்தையும், அதனுடன் கிடைத்த குறிப்புகளையும், திருத்தாமல், விளக்கம் சேர்க்காமல், முடிந்தால் மூலத் தாள்களின் படங்களோடு ஒரு சிறு நூலாகக் கொண்டுவாருங்கள். அது பத்துப் பக்கமே இருந்தாலும் போதும். முன்கதைகளின் இனிவரும் பதிப்புகளில், எந்தெந்தக் கூறுகள் குறிப்புகளிலிருந்து வந்தவை என்பதை ஒரு பின்னுரையில் தெரிவிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆறு நாவல்களையும் நேசிக்கும் ஒரு வாசகன்