டோராவுக்குக் காது கேட்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகளும் டிவியும் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கார்ட்டூன் என்றாலே கண்ணுக்கும் கேடு, புத்திக்கும் கேடு என்று கட்டுரையாளர் ஒரே போடாகப் போட்டுவிட்டார். அடிதடி கார்ட்டூனையும், எண்ணவும் நிறம் பார்க்கவும் சொல்லிக்கொடுக்கிற கார்ட்டூனையும் ஒன்றாகச் சேர்த்தது சரியில்லை. அதற்காக, ‘கல்வி நிகழ்ச்சிதானே, பார்த்துவிட்டுப் போகட்டும்’ என்று போனைக் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போகிறவர்கள் பக்கமும் நான் இல்லை.

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். இளையவனுக்கு நாலு வயது. (இந்த இடைவெளியைப் பற்றி எங்கள் சொந்தத்தில் பேசாத ஆள் இல்லை, அதை விடுங்கள்.) மூத்தவள் சுட்டி டிவியில் ‘டோராவின் பயணங்கள்’ கார்ட்டூன் பார்த்து வளர்ந்தவள். சின்னவன் அதே டோராவை அவனுடைய அப்பத்தாவின் செல்போனில் பார்க்கிறான்.

டோரா என்கிற இந்தக் கார்ட்டூன் சிறுமி 2000-ல் அமெரிக்காவில் நிக்கலோடியன் சேனலில் வந்தவள். அங்கே ஆங்கிலம் பேசிக்கொண்டே இடையிடையே ஸ்பானிஷ் சொல்லிக்கொடுப்பாள். 2007-ல் தொடங்கிய சுட்டி டிவியில் தமிழ் பேசி, இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தாள். அவளும் பூட்ஸ் போட்ட புஜ்ஜி என்கிற குரங்கும் எங்காவது கிளம்புவார்கள். வழியில் எந்தெந்த இடங்களைத் தாண்ட வேண்டும் என்று ஒரு வரைபடம் பாடிக் காட்டும். டோரா நம்மைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பாள். கேட்டுவிட்டு, கண்ணைக் கொட்டிக்கொண்டு பேசாமல் நிற்பாள். பெரியவர்களுக்கு எரிச்சல் தருகிற இடம் அதுதான். பிள்ளைகளுக்கோ அதுதான் நிகழ்ச்சியே.

என் மகள் பால்வாடிக்குப் போகும்போது, ஷேர் ஆட்டோவில் ஏறியதும் ஆரம்பித்துவிடுவாள்: “தண்ணித் தொட்டி! ரயில்வே கேட்! ஸ்கூல்!” இதையே மூன்று முறை ராகம் போட்டுப் பாட வேண்டும், நானும் கூடப் பாட வேண்டும். கேட் மூடியிருந்தால் அவளுக்குக் கொண்டாட்டம், ஏனென்றால் டோராவுக்கும் நடுவில் ஒரு தடை வரும். போகிற வழியை மூன்றாகப் பிரித்து, எது முதலில், எது அப்புறம் என்று மனதில் வைத்துக்கொள்ள மூன்று வயதுப் பிள்ளைக்கு நானாக உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருக்க மாட்டேன். வீட்டில் யாராவது அவள் தட்டிலிருந்து முறுக்கை எடுத்தால், திருட வருகிற குள்ளநரியிடம் டோரா சொல்வதைப் போலவே, கையை நீட்டி “குள்ளநரி, திருடக் கூடாது!” என்பாள். அவளுடைய தாத்தாதான் பெரும்பாலும் குள்ளநரி. அதற்கு முன்பெல்லாம் கடித்து வைப்பாள். கடிப்பதற்குப் பதில் வாயால் சொல்லலாம் என்று கற்றுக்கொண்டாளே, அது எனக்குப் பெரிய விஷயம்.

இதெல்லாம் நல்லது. ஆனால் டோராவுக்குக் காது கேட்காது. போன மாதம் சின்னவன் பார்த்துக்கொண்டிருந்தான். நீலக் கதவு எங்கே என்று டோரா கேட்டாள். இவன் மஞ்சள் கதவைத் தொட்டான். கொஞ்சம் காத்திருந்துவிட்டு டோரா பாராட்டினாள், இவன் கை தட்டிக்கொண்டான். பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அப்பத்தா போனை வாங்கி நிறுத்திவிட்டு, “ஏய்யா, அது மஞ்சள்லா. நீலம் இந்தா இருக்கு பாரு” என்று தன் சேலைக் கரையைக் காட்டினார். அப்புறம் வீட்டுக்குள் என்னென்ன நீலம் என்று தேட விட்டார். பிளாஸ்டிக் வாளி, தாத்தாவின் கைலி, சொட்டு நீலம் பாட்டில் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர் அவர். அன்றைக்குப் பாடம் நடத்தியது அவர்தான், டோரா கேள்வி மட்டும் கேட்டாள். அவர் பக்கத்தில் இல்லாவிட்டால் மஞ்சள் நீலமாகவே இருந்திருக்கும், அதுவும் பாராட்டோடு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அழகர்கோவில் போயிருந்தோம். அங்கே குரங்குகள் என்ன பாடு படுத்தும் என்று போனவர்களுக்குத் தெரியும். நாங்கள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கிறோம், இவள் கையை நீட்டிக்கொண்டு நேராக ஒரு பெரிய குரங்கிடம் போகிறாள். அது பல்லைக் காட்டுகிறது. அவள் அப்பா பாய்ந்து தூக்கினார். தூக்கிய பிறகும் அவளுக்குப் பயமில்லை, ஒரே ஒரு சந்தேகம்தான்: “புஜ்ஜி ஏன் பூட்ஸ் போடல?”

டோராவை எழுதியவர்கள் அழகர்கோவில் குரங்கை நினைத்தா எழுதினார்கள்? இதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. இங்கிலாந்துக்காரர்களின் ‘பெப்பா பிக்’ கார்ட்டூனில், சிலந்தி ஒன்றும் செய்யாது, பயப்படாதே என்று ஒரு கதை உண்டு. அங்கே அது நல்ல பாடம். ஆஸ்திரேலியாவிலோ கடித்தால் உயிருக்கே ஆபத்தாகக்கூடிய சிலந்திகள் இருக்கின்றன. அதனால் அந்நாட்டின் ஏபிசி தொலைக்காட்சி நிறுவனம் 2012-ல் அந்தப் பகுதியை ஒளிபரப்பிலிருந்து எடுத்துவிட்டது. நம் ஊரில் அப்படி யார் பார்த்துச் சொல்கிறார்கள்?

கட்டுரையாளர் ஆய்வுகள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். 2005-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு ஆய்வு, 51 குழந்தைகளை இரண்டரை வயது வரை தொடர்ந்து கவனித்தது. டோராவும், அவளைப் போலவே பிள்ளைகளிடம் கேள்வி கேட்கிற ‘புளூஸ் குளூஸ்’ நிகழ்ச்சியும் பார்த்த பிள்ளைகளுக்குச் சொல்வளம் கூடுதலாக இருந்தது. ‘டெலிடபீஸ்’ என்கிற இன்னொரு குழந்தைகள் நிகழ்ச்சியைப் பார்த்தவர்களுக்குக் குறைவாக இருந்தது. கார்ட்டூன் பார்த்ததால்தான் இப்படி ஆனது என்று இதை வைத்து அடித்துச் சொல்லிவிட முடியாது, பிள்ளைகளும் கொஞ்சம் பேர்தான். ஆனாலும் பிள்ளைகளுக்கென்றே எடுத்த நிகழ்ச்சிகளுக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம் இருக்கிறது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது நோய் என்றும் எழுதியிருந்தார். 1996-ல் வந்த ‘புளூஸ் குளூஸ்’ ஒரே பகுதியை வாரத்தில் ஐந்து நாளும் வேண்டுமென்றே போட்டது. பார்க்கப் பார்க்கப் பிள்ளைகள் அதிகமாகப் பதில் சொன்னார்கள் என்பதுதான் அவர்கள் கண்டது. என் மகனும் புலி மலையேறுகிற ஒரே வீடியோவைத்தான் கேட்கிறான். கேட்கட்டும், அடுத்து என்ன வரும் என்று அவன் எனக்கு முன்கூட்டியே சொல்கிறான்.

எனக்குக் கவலை வேறு இடத்தில். டிவியில் டோராவுக்கு ஒரு நேரம் இருந்தது. முடிந்தால் முடிந்தது, வீட்டில் எல்லோருக்கும் தெரியும், தாத்தா சேனலை மாற்றிவிடுவார். போனில் டோரா முடிந்ததும் தானாக அடுத்தது வருகிறது. ரப்பர் போலக் கைகால் ஆடும் பொம்மைகள், நொடிக்கு நொடி மாறும் நிறம், ஓயாத பாட்டு. எண்ணும் எழுத்தும் அதிலும் உண்டு, ‘கல்வி’ என்ற பெயரும் உண்டு. ஆனால் எந்த இடத்திலும் பிள்ளை வாய் திறக்க இடைவெளி இல்லை. டோராவைப் பார்க்கும்போது கத்துகிற என் மகன், அதைப் பார்க்கும்போது வாயில் வைத்த இட்லியை விழுங்கக்கூட மறந்து உட்கார்ந்திருக்கிறான். அதனால் எங்கள் வீட்டில் இப்போது ஒரே விதி: பதில் சொல்ல இடம் விடாத வீடியோ என்றால் அணைத்துவிட வேண்டியது. இரண்டிலிருந்து நாலு வயதுக்கு ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. அந்த ஒரு மணி நேரத்தில் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வேலைக்குப் போகிற வீடுகளில் இது லேசில்லை என்று தெரியும். எங்கள் வீட்டிலும் அப்பத்தா இருப்பதால்தான் நடக்கிறது.

தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019-ல் வந்தது. பள்ளிப் பாடங்களுக்கு அது உதவியாகவே இருந்தது. அங்கன்வாடி வயதுப் பிள்ளைகளுக்காக, வீட்டுப் பெரியவர்களும் கூட உட்கார்ந்து பார்க்கிற மாதிரி, ஒரு அரைமணி நேர நிகழ்ச்சியை அவர்கள் எடுக்கலாம். ரயில்வே கேட்டும் ரேஷன் கடையும் வரட்டும். குரங்கு வந்தால் பக்கத்தில் போகக் கூடாது என்பதும் வரட்டும்.

உங்களிடமும் ஒரு கோரிக்கை. படத்துக்கு இரண்டு பக்கம் விமர்சனம் போடுகிறீர்கள், சீரியலுக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. குழந்தைகள் பார்க்கிற நிகழ்ச்சிகளுக்கு வாரம் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். எதில் கேள்வி இருக்கிறது, எது வெறும் இரைச்சல், எந்த வயதுக்கு ஆகும் என்று யாராவது பார்த்து எழுதினால் என்னைப் போன்றவர்கள் கத்தரித்து ஃபிரிட்ஜில் ஒட்டி வைப்போம்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் தாய்,
விருதுநகர்.