உறையைக் கொஞ்சம் பொறுத்துக் கொடுங்கள்

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டப் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் வழங்கும் சங்கங்கள், ஆலய சபைகள், பழைய மாணவர் அமைப்புகள், வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் நலன்விரும்பிகள் எல்லோருக்கும் வணக்கம்.

பல்கலைக்கழக அனுமதிக்கான உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்ததும் உங்கள் விழாக்கள் தொடங்கிவிடுகின்றன. மாலை, பொன்னாடை, கேடயம், அப்புறம் ஓர் உறை. உறைக்குள் எவ்வளவு இருக்கிறது என்பது என் பேச்சல்ல. அது எந்த மாதத்தில் கைக்கு வருகிறது என்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பெறுபேறு வந்த மறுநாளே யாரும் பல்கலைக்கழகம் போவதில்லை. யாருக்கு இடம் என்று தீர்மானிக்கும் வெட்டுப்புள்ளி வரவேண்டும், பதிவு நடக்கவேண்டும். இதற்குள் மாதங்கள் பல ஓடிவிடும். எனக்கு அந்த உறை கிடைத்தது ஒரு மழைக்காலத்தில். எங்கள் லயத்துக் காம்பராவின், அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அறையின், தகரம் ஒழுகிக்கொண்டிருந்தது. அம்மா என் முகத்தைப் பார்த்தார், நான் உறையைக் கொடுத்துவிட்டேன். அதில் தப்பே இல்லை, கூரை முக்கியம்தானே. ஆனால் கிழக்கே படிக்கப் போகும் நாள் வந்தபோது பஸ் காசு முதல் மெத்தை, வாளி வரை எல்லாமே கடன். கிழமைக்குக் கிழமை கட்டும் குழுக் கடன் அது. ஹட்டன் குளிருக்குப் போட்ட கம்பளிச் சட்டையோடு மட்டக்களப்பு வெயிலில் போய் இறங்கியதால் முதல் கிழமையே ஒரு மின்விசிறியும் வாங்கவேண்டியதாயிற்று. அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

அரசாங்கம் தரவில்லையா என்று கேட்பீர்கள். தருகிறது. அன்றைய வர்த்தக அமைச்சர் லலித் அத்துலத்முதலியின் முயற்சியில் 1981இல் சட்டமாகிய, பல்கலைக்கழக மாணவர்களுக்கு உதவித்தொகை தரும் மகாபொல நிதியம் இருக்கிறது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மாதத்துக்கு 5,000 ரூபாவாக இருந்த மகாபொலவை 7,500 ஆகவும், 4,000 ஆக இருந்த பேர்சரி என்ற மற்ற உதவித்தொகையை 6,500 ஆகவும் உயர்த்தினார்கள். நல்ல காரியம். ஆனால் வருமானப் பத்திரங்களைப் பார்த்து, பட்டியல் போட்டு, வங்கிக் கணக்குக்கு முதல் தவணை வரும்போது பிள்ளை விடுதிக்கு வந்து மாதங்கள் ஆகியிருக்கும். நிலுவை பின்னால் சேர்ந்து வருவது உண்மைதான். ஆனால் பின்னால் வரும் நிலுவை முதல் நாள் சாப்பாட்டுக் கடைக்கு உதவாது.

அந்த இடைவெளியில்தான் எங்கள் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். தோட்டத் தொழிலாளருக்கு 2024இல் அறிவித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. அதுவும் பறித்த கொழுந்தின் நிறை சரியாக இருந்தால்தான் முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம்; குறைந்தால் அரைப்பேர். தீபாவளி முற்பணமும் மற்றப் பிடிப்புகளும் கழிந்த சம்பளத் துண்டைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பள்ளிக்கூடங்கள் அதற்கு வெளியே நின்றன. 1970களில்தான் அரசு அவற்றைப் பொறுப்பேற்றது. அதனால் இன்றும் பல வீடுகளில் பல்கலைக்கழக வாசலை மிதிக்கும் முதல் ஆள் இந்தப் பிள்ளைதான். எதற்கு எவ்வளவு செலவாகும் என்று சொல்லித்தர ஓர் அண்ணனோ அக்காவோ இருப்பதில்லை.

ஆகவே கேட்கிறேன்: விழாவை எப்போது வேண்டுமானாலும் வையுங்கள், பணத்தைப் பதிவு நாள் வரை பிடித்து வையுங்கள். பதிவுக் கடிதத்தைக் காட்டியதும் பிள்ளையின் கணக்கில் போடுங்கள். மொத்தமாகக் கொடுப்பதைவிட முதல் ஆறு மாதத்துக்குப் பிரித்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. மாதாமாதம் தருவதாக மேடையில் சொன்ன ஓர் அமைப்பிடமிருந்து எனக்கு இரண்டு மாதம் பணம் வந்தது. மூன்றாம் மாதம் கேட்கக் கூச்சமாக இருந்ததால் விட்டுவிட்டேன். ஆறு மாதம் முடியாதென்றால் மூன்று என்றே சொல்லுங்கள், மூன்றையும் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, கடிதத்தை நம்பாதீர்கள். லயத்துக்கு வரும் கடிதம் பல இடங்களில் தோட்ட ஆபீஸில் இறங்கி, யாராவது கொண்டுவந்தால்தான் வீட்டுக்கு வரும். தொலைபேசியில் கூப்பிடுங்கள். இந்திய உயர்ஸ்தானிகராலயத்தினூடாகத் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென்றே ஒரு கல்வி நிதியம் நெடுங்காலமாக உதவுகிறது. அதற்கு விண்ணப்பிக்கும் காலம் வந்தது தெரியாமலே எத்தனையோ பேர் இருந்துவிடுகிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து படிவம் நிரப்ப உதவினால் அதுவும் புலமைப்பரிசில்தான். அட்டையில் பெரிதாக எழுதிய காசோலையைப் பிடிக்கவைத்து எடுக்கும் படம் மட்டும் வேண்டாம். பேஸ்புக்கில் அதைப் பார்த்துவிட்டு விடுதியில் என்னைக் கேலி செய்தார்கள்.

இந்த வருடம் எங்கள் தோட்டத்திலிருந்து மூன்று பிள்ளைகள் போகிறார்கள், ஒருத்தி யாழ்ப்பாணத்துக்கு, இருவர் பேராதனைக்கு. உங்களில் யாராவது முன்வந்தால் அவர்கள் வீட்டாரிடம் கேட்டு விபரம் தருகிறேன். உறையை இப்போதே அனுப்பவேண்டாம். பதிவுக் கடிதம் வந்ததும் நானே கூப்பிடுகிறேன்.

இப்படிக்கு,
பொகவந்தலாவையிலிருந்து ஓர் ஆசிரியை