அப்பாவின் கண்ணுக்காக மெனக்கெட்டவர்களுக்கு

வலங்கைமானுக்குப் பக்கத்தில், குடமுருட்டிக் கரையோரம் எங்கள் ஊர். நான் தையல் கடை வைத்திருக்கிறேன், அப்பா பத்து மா நிலத்தில் சம்பா போடுகிறார். போன ஆடியில் ஒரு கண் முகாமில் காற்று ஊதும் மெஷினில் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு, ‘கண் பிரஷர் 26, க்ளக்கோமா’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பெரும்பாலும் கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை நரம்பு கெட்டுப்போகிற நோய் அது. எந்த முகாம் என்று சொல்லப்போவதில்லை, இது நன்றி சொல்ல எழுதுவது. பெரியப்பாவுக்குப் பார்வை போனது க்ளக்கோமாவில்தான். அன்று ராத்திரி எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

மருந்துக் கடை அண்ணனுக்குத்தான் முதல் நன்றி. இரண்டாவது பாட்டில் சொட்டு மருந்து வாங்க வந்தபோது, அப்பா படியேறி மூச்சு வாங்கியதைப் பார்த்து, “மாமா, உங்களுக்கு இளைப்பு உண்டா?” என்று கேட்டீர்கள். உண்டு. அந்தச் சொட்டு மருந்தின் பெயர் டிமோலால். கண்ணில் விடுவதுதானே என்று இருந்தோம். மூக்கு வழியாக இறங்கி ரத்தத்தில் கலந்து, இளைப்புக்காரர்களுக்கு மூச்சுக் குழாயைச் சுருக்கிவிடும் என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். பாட்டிலைத் தராமல், “இன்றைக்கே கும்பகோணம் போய் டாக்டரைப் பாருங்கள்” என்று ஆட்டோவையும் கூப்பிட்டு விட்டீர்கள். ஆட்டோக்காரத் தம்பி சாயங்காலம் வரை காத்திருந்ததும் மறக்கவில்லை.

அங்கே கண் பரிசோதித்த அந்தச் சின்னப் பெண்ணுக்கு என்ன சொல்வது? மஞ்சள் சாயம் விட்டு, நீல வெளிச்சத்தில் பிரஷர் பார்த்தாய். 23. அதோடு அனுப்பியிருக்கலாம். கருவிழியின், அதாவது கண்ணுக்கு முன்னால் கண்ணாடி மாதிரி இருக்கும் கார்னியாவின், தடிமனையும் அளந்தாய். பலருக்கும் 540 மைக்ரானை ஒட்டி இருக்குமாம், அப்பாவுக்கு 592. உடனே, “சர்க்கரை எத்தனை வருஷமா இருக்கு தாத்தா?” என்றாய். பதினான்கு வருஷம். மூன்று மாதச் சராசரி காட்டும் டெஸ்ட் எடுத்ததே இல்லை.

லேப் அக்கா, உங்களிடம்தான் அப்பாவின் குட்டு உடைந்தது. டெஸ்டுக்கு முந்தின மூன்று நாள் மட்டும் பத்தியம் இருப்பது அவர் வழக்கம். “இதில் அது செல்லாது மாமா. சிவப்பணு 120 நாள் வாழும், அதில் ஒட்டின சர்க்கரை அழியாது” என்று சிரித்தீர்கள். ரிசல்ட் 10.4, ரொம்ப அதிகம். அப்பா அன்று முழுக்க யாருடனும் பேசவில்லை.

டாக்டரம்மா, வெளியே அத்தனை பேர் காத்திருந்தும் எங்களுக்கு உட்கார்ந்து விளக்கினீர்கள். கருவிழியில் 3.06 மில்லிமீட்டர் அகல வட்டத்தைத் தட்டையாக்க எவ்வளவு விசை வேண்டும் என்பதுதான் பிரஷர் கணக்காம். “சைக்கிள் டயரை அமுக்கினால் உள்ளே காற்று எவ்வளவு என்று தெரியும். டிராக்டர் டயரை அமுக்கினால்? காற்று குறைவாக இருந்தாலும் கல் மாதிரிதானே இருக்கும்” என்றதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கருவிழியில் ரத்தக் குழாயே கிடையாதே, சர்க்கரை எப்படிப் போகும் என்று கேட்டேன். அதற்குப் பின்னால், கண்ணுக்குள்ளே இருக்கும் நீரிலிருந்து ஊறுகிறது என்றீர்கள். வாய்க்கால் இல்லாத வயலுக்குப் பக்கத்து வயல் தண்ணீர் கசிகிற மாதிரிதான். அந்தச் சர்க்கரை கருவிழியில் இருக்கும் கொலாஜன் என்ற புரத இழைகளில் ஒட்டி, வருஷக் கணக்கில் இழைக்கும் இழைக்கும் முடிச்சுப் போடுகிறது, பொரியில் வெல்லப்பாகு இறுகிப் பொரி உருண்டை ஆகிற மாதிரி. அப்படிக் கருவிழி விறைத்துப்போனால், டிராக்டர் டயர் போலப் பிரஷரைக் கூட்டிக் காட்டலாமாம்.

இன்னொன்றும் அன்றுதான் புரிந்தது. அக்கா மகனுக்குக் கருவிழி தளர்ந்து கூம்பாகிக்கொண்டு வந்தது, கெரட்டோகோனஸ். திருச்சியில் பி2 வைட்டமின் சொட்டு விட்டு, புற ஊதாக் கதிரை அரை மணி நேரம் காட்டினார்கள். அதுவும் இழைகளுக்கு முடிச்சுப் போடும் வேலைதானாம். “பையனுக்குக் காசு கொடுத்துப் போட்ட முடிச்சு, தாத்தாவுக்குச் சர்க்கரை இலவசமாகப் போட்டிருக்கிறது” என்று நீங்கள் சொன்னதை அக்காவிடம் சொல்லிச் சிரித்தோம்.

ஆனால் 23-இல் இவ்வளவு கழித்துக்கொள்ளலாம் என்று நீங்கள் சொல்லவே இல்லை. சர்க்கரைக்காரர்களின் கருவிழியை அளந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே பக்கம் பேசவில்லை, அதனால் கழித்தல் கணக்கை நம்ப மாட்டேன் என்றீர்கள். நரம்பைப் படம் எடுத்து, பார்வைப் பரப்பையும் சோதித்த பிறகுதான், “இப்போதைக்குச் சேதம் இல்லை, சொட்டு மருந்து வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வாருங்கள்” என்று முடித்தீர்கள். எனக்கு அந்த நிதானம்தான் பெரிதாகப் பட்டது. விழித்திரையையும் விடாமல் பார்த்தீர்கள்.

இறுகின பாகு இனி இளகாது, மேலே ஊற்றாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றீர்கள் அல்லவா? சித்தி அதைப் பிடித்துக்கொண்டார். தினமும் ராத்திரி மாத்திரையை எண்ணிக் கொடுப்பது, டீக்கடையில் சொல்லி வைத்தது எல்லாம் அவர்தான். கடைக்காரர் இப்போது அப்பா கேட்டாலும் சர்க்கரை போடுவதில்லை. இதில் இரண்டு பேருக்கும் சண்டைகூட வந்தது. மூன்று மாதம் கழித்து 8.1.

அடுத்த முறை தையில், அறுப்பு முடிந்து வருகிறோம். அதற்கு முன் கார்த்திகைக்குப் பொரி உருண்டை கொடுத்தனுப்புகிறேன். அங்கே யாருக்கெல்லாம் சர்க்கரை இல்லை என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.