ஒரு பாட்டையாவது முழுசாக வையுங்கள்

நாட்டுப்புறப் பாடகர்களைப் பற்றிக் குறும் ஆவணப்படம் எடுக்க ஊருக்கு வரும் காட்சித் தொடர்பியல் மாணவர்களுக்கும் அவர்களுடைய ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். பதினைந்து நிமிடப் படத்தில் பாடுகிறவருக்குக் கிடைப்பது இரண்டு அடி. மூன்றாவது அடியில் பின்னணிப் புல்லாங்குழல் வந்து குரலை மூடிவிடுகிறது. நாட்டுப்புறப் பாடகி கொல்லங்குடி கருப்பாயியை ‘ஆண்பாவம்’ (1985) படம் திரையில் காட்டுவதற்கு முன்பே வானொலி அவர் குரலை ஊர்களுக்குக் கொண்டுசேர்த்திருந்தது. குரலே போதும். ஒரு பாட்டையாவது வெட்டாமல் வையுங்கள்.

அதற்குப் பதிவு சரியாக இருக்க வேண்டும். சட்டையில் குத்தும் மைக் பேட்டிக்கு ஆகும். பாடும்போது முந்தானையும் பாசிமணியும் உரசிச் சரசரக்கும். கம்பில் கட்டிய மைக்கை நெற்றிக்கு மேலே ஒன்றரை அடியில், வாயைப் பார்த்துச் சாய்த்துப் பிடியுங்கள். பதிவுக் கருவியின் ஒலித்தரத்தை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வையுங்கள். பேச்சுக்கு ஏற்ப ஒலி அளவை வைத்தால் கெட்டது: தெம்மாங்கில் தாழ்ந்து வரும் குரல் திடீரென ஏறும், உச்சியில் பிளந்துவிடும். பிளந்ததை எந்த மென்பொருளும் முழுதாக மீட்காது. பாட்டிலேயே உச்சமான அடியை முதலில் பாடச்சொல்லி, அது கருவியின் ஒலிமானியில் மைனஸ் 12 டெசிபெல்லைத் தொடும்படி வையுங்கள். ஒலி அளவைத் தானாக ஏற்றி இறக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். மூச்சு வாங்கும் இடைவெளியில் அது மின்விசிறி இரைச்சலைத் தூக்கி, அடுத்த அடியின் தொடக்கத்தை அமுக்கும்.

சுருதிப்பெட்டி வேண்டாம், பாடுகிறவர் எடுக்கும் கட்டைதான், அதாவது சுருதிதான், சரி. நடவுப் பாட்டை நாற்காலியில் உட்காரவைத்துக் கேட்டால் நடை தளரும். நாற்றை ஊன்றும் கைதான் அதன் தாளம். பறை உடன் இருந்தால் தோலைத் தீயில் காய்ச்ச நேரம் கொடுங்கள். ஈரக்காற்றில் மறுபடி இளகும், மறுபடி காய்ச்ச வேண்டும். ஒப்பாரியை வீட்டுக்குள் பாடச்சொல்லி வற்புறுத்தாதீர்கள். சாவு விழாத வீட்டில் ஆகாது என்பார்கள். மரத்தடிக்குப் போய்விடலாம்.

ஒப்புதல் தாளில்தான் பெரிய அநியாயம் நடக்கிறது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி பாடியவருக்கு 50 ஆண்டு நிகழ்த்துநர் உரிமை உண்டு. படத்தில் சேர்க்க எழுதிக் கொடுத்துவிட்டால் அதைத் தயாரிப்பாளர் பயன்படுத்துவதை அவர் தடுக்க முடியாது. ஆனாலும் 2012 திருத்தத்தின்படி வணிகப் பயன்பாட்டில் ராயல்டி அவருக்கு உண்டு. பாடியவர் இன்னார் என்று சொல்லப்படும் உரிமையும் உண்டு. இதைச் சொல்லாமல் ஆங்கிலத் தாளில் கைநாட்டு வாங்காதீர்கள். தமிழில் எழுதி, வாசித்துக்காட்டி, அந்த வாசிப்பையும் பதிவு செய்யுங்கள்.

கிளம்பும் முன் முழுப் பாட்டையும் வீட்டுப் பிள்ளைகளின் போனில் ஏற்றிக் கொடுங்கள். பென் டிரைவை மட்டும் கொடுத்தால் போட்டுக் கேட்க அங்கே கணினி இருக்காது.

இப்படிக்கு,
ஊர்ப்பாட்டுகளைப் பதிவுசெய்யும் ஒலிப்பதிவாளர்கள்