அண்ணாவுக்கு, அந்தக் கேசட்டைப் பற்றி

அண்ணா,

இந்த ஆகஸ்டில் பால் சைமனின் 'கிரேஸ்லேண்ட்' ஆல்பம் வெளிவந்து 40 ஆண்டுகள் நிறைகின்றன. எதைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று இந்நேரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

டர்பனில் நம் சாட்ஸ்வொர்த்தில் இதைப் படிப்பவர்களில் பலர் நம் இருவரையும் அறிந்தவர்கள். எனவே அன்று நம் வீட்டில் யார் யார் இருந்தார்கள், என்ன கூட்டம் நடந்தது என்பதையெல்லாம் எழுதவில்லை.

சமையலறையில் நின்றபடியே கேசட்டுக்குள் சுண்டுவிரலை விட்டு நாடாவை இழுத்தீர்கள். முகத்தில் கோபம்கூட இல்லை. நூல்கண்டைப் பிரிப்பதுபோல நிதானமாக, தீரும்வரை. அந்த நிதானம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அம்மா ஒன்றும் பேசாமல் பழுப்பு நாடாவை வாரிக்கொண்டு போய் மிளகாய்ச் செடிகளுக்கு மேலே கட்டினார். மைனா அண்டாதாம். என் முதல் சம்பளத்தில் வாங்கியது, அண்ணா.

உங்கள் பக்கம் நியாயம் இல்லை என்று சொல்ல வரவில்லை. தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசு கொண்டுவந்த நெருக்கடி நிலை அமலில் இருந்த வருடம் அது. இந்தியர்களுக்கென்று தனி அவை வைத்து, கறுப்பர்களை ஒதுக்கி நடத்திய 1984 தேர்தலில் ஓட்டுப் போடாதீர்கள் என்று வீடு வீடாக ஏறி இறங்கியவர் நீங்கள். கலைஞர்கள் இங்கே வரக் கூடாது என்ற ஐ.நா.வின் கலாசாரப் புறக்கணிப்பு இருக்கும்போதே, முதலில் நிறவெறியை எதிர்த்துப் போராடிய ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸிடம் பேசச் சொல்லி பாடகர் பெலஃபான்டே அறிவுறுத்தியும் பேசாமல், 1985இல் ஜோகன்னஸ்பர்க்கில் வந்து இறங்கினார் பால் சைமன்.

ஆனால் அந்தக் கேசட்டில் நான் சைமனின் குரலை மட்டுமா கேட்டேன்? அவர் அப்போது 43 வயது மனிதர், முந்தைய ஆல்பம் விலைபோகவில்லை. இங்கே ரே ஃபிரியின் கிதாரையும் பகிதி குமாலோவின் பேஸையும் முதலில் பதிவுசெய்துகொண்டு போய், அப்புறம்தான் அதன்மேல் சொற்களை வைத்தார். அவருக்கு மறுவாழ்வு கொடுத்ததே நம் ஊர்க்காரர்கள்தான். அதில் பாடிய ஜோசப் ஷபலாலா லேடிஸ்மித்காரர். டர்பனில் குழு அமைத்துப் பாடியவர். ஜூலு வானொலியை நம் தெருவில் யார் வைத்தார்கள்? பக்கத்தில் இருந்தவரின் குரல் நம் வீட்டுக்கு நியூயார்க்காரர் மூலமாக வர வேண்டியிருந்தது. அதையும் நீங்கள் வாசலிலேயே மறித்துவிட்டீர்கள்.

போகட்டும் என்று விட்டிருப்பேன். உங்கள் மகள் கல்யாணத்தில் அதே ஆல்பத்தின் 'யூ கேன் கால் மீ அல்' ஒலித்ததும் கோட்டைக் கழற்றிவிட்டு முதல் ஆளாக ஆட இறங்கினீர்களே! அந்த பேஸ் துண்டுக்குக் கையை வேறு ஆட்டினீர்கள். (அதில் பாதிதான் குமாலோ வாசித்தது, மீதி, அதையே பின்னோக்கி ஓட்டியது.) 1992இல் சைமன் இங்கே பாட வந்தபோது காங்கிரஸே ஒப்புக்கொண்டது, நீங்களும் மனம் மாறியிருப்பீர்கள். மாறலாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

கல்யாணத்தன்று சாப்பிடாமல் கிளம்பியதற்காக அண்ணியிடம் மன்னிப்புக் கேட்கிறேன். உங்களிடம் இல்லை. அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தவரிடம் இப்படிப் பேசுவது உறுத்தத்தான் செய்கிறது. அதற்காக மட்டும் உங்களிடமும்.

இசைத்தட்டு வாங்கிவிட்டேன். சனிக்கிழமை வாருங்கள், அண்ணியோடு. பேரப்பிள்ளைகள் வேண்டாம், அவர்கள் எதிரில் உங்களைக் கேள்வி கேட்க எனக்கு மனம் வராது.

உங்கள் தங்கை