ஒயர் இழுத்த கீபோர்டுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கைக்கு ஒரு பாதியாகப் பிரிந்திருக்கும் என் டாக்டில் மேனுஃபார்ம் கீபோர்டின் இரண்டு பாதியும் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டன. மணிக்கட்டு வலியோடு இரண்டு மாதம் இதையே கட்டிக்கொண்டிருந்தேன். நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய.

முதலில் எதிர்வீட்டு ரேடியோ மெக்கானிக் அண்ணன். 64 சுவிட்சுக்கும், மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் 64 டையோடுக்கும் ஈயம் வைக்க அவர் பட்டறையில்தான் பழகினேன். "ஈயத்தைச் சுடாதே, ஒயரைச் சுடு, தானா ஓடி வரும்" என்பார். அப்படியேதான் வந்தது.

அப்புறம் தங்கையின் தோழி. கீபோர்டுக்குள் ஓடும் நிரலான ஃபர்ம்வேரை ஏற்றிவிட்டேன், எந்தக் கீயை அழுத்தினாலும் திரையில் ஓர் எழுத்துகூட விழவில்லை. அத்தனை டையோடையும் பிடுங்கிவிடலாம் என்று உட்கார்ந்திருந்தேன். வீடியோ காலில் வந்தவர், டையோடின் கறுப்புக் கோட்டைக் காட்டச் சொன்னார். மின்சாரம் அந்தக் கோட்டுப் பக்கமாகத்தான் வெளியேறும். நான் எல்லாக் கோட்டையும் 'கால்' (column) பக்கம், அதாவது நெடுவரிசை ஒயர் பக்கம் வைத்திருந்தேன். ஃபர்ம்வேரின் கான்ஃபிக் கோப்பில் இருந்ததோ 'கால் டூ ரோ', அதாவது மின்சாரம் நெடுவரிசையிலிருந்து கிடைவரிசைக்கு. "ஈயத்தைத் தொடாதீங்கண்ணா, அதை 'ரோ டூ கால்'னு மாத்துங்க, போதும்" என்றார். மாற்றினேன். வலது பாதி பேசியது.

எனக்கு இடதுதான் முக்கியம். தமிழ் அடிக்கும் தமிழ்99 கீபோர்டு முறையில் உயிரெழுத்து அத்தனையும் இடது கைக்குத்தான். அதற்கும் நிரலை ஏற்ற வேண்டும். அதன் மூளையான ப்ரோ மைக்ரோ பலகையில் ரீசெட் பின்னையும் கிரவுண்டையும் சாமணத்தால் சட்டென்று இரண்டு தடவை தொட்டால், புது நிரலை வாங்கிக்கொள்ளும் பூட்லோடர் 8 விநாடி விழித்திருக்கும். அதற்குள் ஏற்றியாக வேண்டும். ஒரு கையில் பலகை, ஒரு கையில் மவுஸ் என்று நான் திணறியபோது சாமணத்தைப் பிடித்தது அண்ணன் மகன். மூன்றாம் தடவை, "இப்ப சித்தப்பா!" என்று கத்தினான். நிரல் ஏறி முடிந்ததும், அதை ஏற்றும் மென்பொருளான ஏவிஆர்டியூட் கடைசி வரியில் 'தேங்க் யூ' என்று காட்டும். அதை அவன் சத்தமாகப் படித்தான்.

டாக்டிலை வடிவமைத்த மேட் அடரெத், அதை மேனுஃபார்ம் என்ற இன்னொரு கீபோர்டோடு சேர்த்த டாம் ஷார்ட், நான் ஏற்றிய ஃபர்ம்வேரான கியூஎம்கே-யைத் தொடங்கிய ஜாக் ஹம்பர்ட், அதை இன்றுவரை காசு வாங்காமல் பராமரிக்கும் தன்னார்வலர்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. முகம் தெரியாத எனக்கு அத்தனையையும் திறந்து கொடுத்திருக்கிறீர்கள்.

இந்த மடலை அந்தக் கீபோர்டில்தான் அடித்தேன். 100 டையோடு வாங்கியதில் 36 மீதம் இருக்கிறது. யாராவது கட்ட ஆரம்பிக்கிறீர்கள் என்றால் கேளுங்கள், தருகிறேன். கோடு எந்தப் பக்கம் என்பதை மட்டும் முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.